எல்சி கைக்கு வந்துவிட்டது, உற்பத்தியைத் தொடங்கலாமா?

வாசகர் கடிதம்: ஐயா, பருத்தித் துண்டுகள் தயாரிக்கும் சிறிய ஆலை நடத்துகிறேன். முதல் தடவையாக ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்திருக்கிறது, 12,000 துண்டுகள், இரண்டு கன்டெய்னர்கள். வாங்குபவர் எனக்குப் புதியவர். முன்பணம் கேட்டேன், அதெல்லாம் முடியாது என்று சொல்லி எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட், வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) திறந்துவிட்டார். என் வங்கி மூலமாக அது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. கப்பலேற்றக் கடைசி நாள் மே 31, எல்சி காலாவதியாகும் நாள் ஜூன் 10, பில் ஆஃப் லேடிங் (சரக்குக்குக் கப்பல் நிறுவனம் தரும் ரசீது) தேதியிலிருந்து 60 நாளில் பணம். எல்சி வந்தால் பணம் வந்த மாதிரிதான், தைரியமாக நூலை வாங்கு என்கிறார்கள் தெரிந்தவர்கள். என் மனைவி மட்டும் யாரிடமாவது காட்டிவிட்டு வாங்குங்கள் என்கிறார். நகலை இணைத்திருக்கிறேன். சரக்கு தரமாக இருந்தால் வங்கி பணத்தை நிறுத்த முடியாது அல்லவா?

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு நூல் வாங்காதீர்கள். உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. நகலை வரிவரியாகப் படித்துவிட்டேன். எல்சி, வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக உங்கள் வங்கிக்கு முறைப்படிதான் வந்திருக்கிறது, போலி என்று சந்தேகப்பட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் சில ஷரத்துகள் இருக்கின்றன, அவை அப்படியே இருக்கும்வரை நீங்கள் எவ்வளவு நல்ல துண்டு நெய்து அனுப்பினாலும் உங்களுக்குப் பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பதை முடிவு செய்யும் அதிகாரம் வாங்குபவர் கையில்தான் இருக்கும். அவற்றைத் திருத்தி வாங்கிக்கொண்டு அப்புறம் தறியை ஓட்டுங்கள். எல்சி வந்த அன்றைக்குத் திருத்தம் கேட்பது எளிது, சரக்கு கப்பலில் ஏறிய பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. சரக்கு தரமாக இருந்தால் வங்கி பணத்தை நிறுத்த முடியாது என்று நினைக்கிறீர்கள். வங்கி உங்கள் சரக்கைப் பார்க்கவே பார்க்காது. கன்டெய்னரைத் திறக்காது, துண்டைத் தொட்டுப் பார்க்காது, வாங்குபவருக்குப் பிடித்திருக்கிறதா என்றும் கேட்காது. ஒரு மேசையில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த காகிதங்களை எல்சியின் வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவுதான். காகிதம் பொருந்தினால் பணம், பொருந்தாவிட்டால் இல்லை. ஒரு வங்கியின் அயல்வணிகப் பிரிவில் இந்தக் காகிதங்களைச் சரிபார்ப்பதே என் வேலை, அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: அருமையான சரக்கை அனுப்பிவிட்டுக் காகிதத்தில் சறுக்கிப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

எல்சி என்பது வாங்குபவரின் வங்கி உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. இன்ன தேதிக்குள் இன்னின்ன ஆவணங்களை நான் கேட்ட மாதிரியே கொண்டுவந்து கொடுத்தால் இவ்வளவு பணம் நான் தருகிறேன், வாங்குபவர் என்னிடம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தருகிறேன் என்கிறது அந்த வங்கி. வாங்குபவர் திவாலானாலும் வங்கியின் பொறுப்பு மாறாது. அதுதான் இதன் பலம், முன்பின் பார்க்காத இரண்டு பேர் கடல் தாண்டி வியாபாரம் செய்ய முடிவது அதனால்தான். இதற்கான விதிகளை பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை 1933-இல் முதலில் வெளியிட்டது, பல தடவை திருத்தியது, 2007 ஜூலை 1 முதல் யுசிபி 600 என்ற பதிப்பு நடப்பில் இருக்கிறது. மொத்தம் 39 விதிகள்தான், பொறுமையாக உட்கார்ந்தால் ஒரே மாலையில் படித்துவிடலாம், ஏற்றுமதி செய்யப் போகிறவர் கட்டாயம் படிக்க வேண்டும். உங்கள் எல்சியில் 40இ என்ற கட்டத்தைப் பாருங்கள், யுசிபியின் நடப்புப் பதிப்பு பொருந்தும் என்று போட்டிருக்கிறது. அதன் 4-ஆம் விதி, உங்களுக்கும் வாங்குபவருக்கும் உள்ள விற்பனை ஒப்பந்தத்துக்கும் எல்சிக்கும் சம்பந்தமில்லை என்கிறது. 5-ஆம் விதி, வங்கிகள் கையாள்வது ஆவணங்களை மட்டுமே, சரக்கை அல்ல என்கிறது.

இது எவ்வளவு கறாராகப் போகும் என்பதற்கு இங்கிலாந்தில் 1940-களில் வந்த ஒரு வழக்கைச் சொல்வார்கள். எல்சியில் சரக்கு ‘கோரமண்டல் நிலக்கடலை’ என்று இருந்தது. பில் ஆஃப் லேடிங்கில் ‘இயந்திரத்தில் தோல் நீக்கிய நிலக்கடலைப் பருப்பு’ என்று எழுதிவிட்டார்கள். கடலை வியாபாரத்தில் இருக்கும் எல்லோருக்கும் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும், நீதிமன்றத்தில் அதற்குச் சாட்சியமும் இருந்தது. இருந்தும் வங்கி பணம் தர மறுத்தது சரியே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆயிரக்கணக்கான தொழில்களில் எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் சமம் என்று வங்கிக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் வாதம். இன்றைய விதி கொஞ்சம் இளகியிருக்கிறது, மற்ற ஆவணங்களில் சரக்கைப் பொதுவான சொற்களில் எழுதலாம், எல்சியோடு முரண்படாமல் இருந்தால் போதும். ஆனால் இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரம் எல்சியில் உள்ள விவரிப்போடு ஒத்துப்போக வேண்டும், அதில் தளர்வு கிடையாது.

சரி, உங்கள் எல்சிக்கு வருவோம். 46ஏ என்ற கட்டத்தில் நீங்கள் கொடுக்க வேண்டிய ஆவணங்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே ஒரு பென்சிலால் எழுதுங்கள்: இதை யார் தருவார்? இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் நீங்களே தயாரிப்பது. பில் ஆஃப் லேடிங்கைக் கப்பல் நிறுவனம் தரும், சரக்கை ஒப்படைத்தால் அது தந்துதான் ஆக வேண்டும். சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழை வணிகச் சங்கம் தரும். கடைசியில் ஒன்று இருக்கிறது பாருங்கள், ஆய்வுச் சான்றிதழ். வாங்குபவரின் அதிகாரம் பெற்ற பிரதிநிதி அதில் கையெழுத்திட வேண்டும், அந்தக் கையெழுத்து எல்சி திறந்த வங்கியிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு பொருந்த வேண்டும். இந்தக் காகிதத்துக்கு எதிரே உங்களால் எழுத முடிந்த ஒரே பெயர் வாங்குபவருடையது.

இதன் பொருள் என்ன தெரியுமா? நீங்கள் 12,000 துண்டுகளையும் நெய்து, கட்டி, அடுக்கி வைத்துவிட்டு அவருடைய ஆளுக்காகக் காத்திருப்பீர்கள். அவர் வரலாம், அடுத்த வாரம் வருகிறேன் எனலாம், மே 31 தாண்டிய பிறகு வரலாம். விலையில் பத்து சதவீதம் குறைத்தால் உடனே கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொல்லலாம், அப்போது உங்களிடம் பதில் இருக்காது. அப்படியே கையெழுத்துக் கிடைத்தாலும் அது வங்கியில் உள்ள மாதிரியோடு பொருந்துகிறதா என்பதை நீங்கள் சரிபார்க்க வழியே இல்லை, அந்த மாதிரி இருப்பது இன்னொரு நாட்டில், இன்னொரு வங்கியின் கோப்பில். வாங்குபவர் மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. தரத்தைப் பற்றி அவருக்கும் பயம் இருக்கும், முகம் தெரியாத ஒருவரிடம் இரண்டு கன்டெய்னர் சரக்கு வாங்குகிறார். அந்தப் பயத்துக்கு வேறு மருந்து உண்டு. எஸ்ஜிஎஸ், ப்யூரோ வெரிடாஸ், இன்டர்டெக் போன்ற சுயேச்சையான ஆய்வு நிறுவனங்களில் ஒன்றின் பெயரை எல்சியில் போடச் சொல்லுங்கள், சான்றிதழை அவர்கள் தரட்டும். வாங்குபவருக்குத் தர உத்தரவாதம் கிடைக்கும், உங்கள் கழுத்தும் அவர் கையில் இருக்காது. கட்டணத்தை யார் ஏற்பது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், பாதியை நீங்கள் ஏற்க வேண்டியிருந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி இன்னொன்று, பார்வைக்குச் சாதுவாக இருப்பதால் பலர் கண்ணில் படாது. பில் ஆஃப் லேடிங் வழக்கமாக மூன்று அசல் பிரதிகளாக வரும். உங்கள் எல்சி வங்கியிடம் இரண்டு அசல் கொடுத்தால் போதும் என்கிறது, மூன்றாவதைக் கப்பல் கிளம்பிய மூன்று நாளுக்குள் கூரியரில் நேராக வாங்குபவருக்கு அனுப்பிவிட்டதற்கு அத்தாட்சி கேட்கிறது. அதோடு பில் ஆஃப் லேடிங் ‘டு ஆர்டர்’ என்று இருக்க வேண்டும், நீங்கள் பின்னால் பெயர் குறிப்பிடாமல் கையெழுத்திட்டுத் தர வேண்டும், அப்போது அதைக் கையில் வைத்திருப்பவரே சரக்கைக் கேட்கலாம். மூன்று அசலில் எது ஒன்றைக் காட்டினாலும் கப்பல் நிறுவனம் துறைமுகத்தில் சரக்கை விடுவித்துவிடும், அதன்பின் மற்ற இரண்டும் வெறும் காகிதம். ஆக, உங்கள் ஆவணங்களில் ஒரு குறை கண்டுபிடித்து வங்கி பணம் மறுக்கிற அதே நேரத்தில் வாங்குபவர் சரக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். சரக்கும் போய், எல்சியும் போய், பழைய விற்பனை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். கப்பல் பயணம் மிகக் குறுகியதாக இருந்தால், ஆவணம் வங்கி வழியாகப் போவதற்குள் சரக்கு போய்த் துறைமுகத்தில் கிடக்குமே என்று நியாயமாகவே இந்த ஷரத்தைக் கேட்பவர்கள் உண்டு. நெடுநாள் பழகியவர் என்றால் கொடுக்கலாம். முதல் ஆர்டருக்குக் கொடுக்காதீர்கள். மூன்று அசலும் வங்கி வழியாக, எல்சி திறந்த வங்கியின் உத்தரவுக்கு என்று எழுதப்பட்ட பில் ஆஃப் லேடிங், இப்படிக் கேளுங்கள்.

அடுத்தது தேதிகள். கப்பலேற்றம் மே 31, காலாவதி ஜூன் 10, இடையில் பத்து நாள் இருக்கிறதே என்று தோன்றும். 31டி கட்டத்தில் தேதிக்குப் பக்கத்திலேயே இடமும் போட்டிருக்கிறது, எல்சி திறந்த வங்கியின் கவுண்டரில் என்று. அதாவது ஜூன் 10-க்குள் உங்கள் காகிதங்கள் அந்த நாட்டில், அந்த வங்கியின் மேசைமேல் இருக்க வேண்டும். கப்பல் 31-ஆம் தேதி கிளம்பினால் பில் ஆஃப் லேடிங் கைக்கு வர ஓரிரு நாள், மற்ற காகிதங்களைச் சேர்க்க இன்னும் கொஞ்சம், உங்கள் வங்கி பார்த்துக் கட்டி அனுப்ப, கூரியர் போய்ச்சேர, நடுவில் ஒரு வார இறுதி. கூரியர் தாமதமானாலும் காகிதம் தொலைந்தாலும் நஷ்டம் உங்களுடையது. காலாவதி இடத்தை உங்கள் நாட்டுக்கு மாற்றி, 41 என்ற கட்டத்தில் எந்த வங்கியிலும் நெகோஷியேஷனுக்குக் (ஆவணங்களைப் பெற்றுக்கொண்டு வங்கி முன்கூட்டியே பணம் தருவதற்கு) கொடுக்கலாம் என்று திருத்தி வாங்கிவிட்டால் நிலைமையே வேறு. உங்கள் ஊர் வங்கியின் கவுண்டரில் கொடுத்த நாளே கொடுத்த நாள். அந்த வங்கி பார்த்து, எல்லாம் பொருந்துகிறது என்று முடிவு செய்து அனுப்பிவைத்தபின் வழியில் தொலைந்தாலும்கூட எல்சி திறந்த வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும், 35-ஆம் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. கப்பலேறிய நாளிலிருந்து ஆவணம் கொடுக்க 21 நாள் என்பது யுசிபியின் பொது அளவு, எல்சி தானாக ஒன்றும் சொல்லாதபோது அதுதான் பொருந்தும். அதையே கேளுங்கள், காலாவதியை ஜூன் 21 ஆக்கச் சொல்லுங்கள்.

விலை எஃப்ஓபி என்று 45ஏ-வில் இருக்கிறது, அதாவது கப்பல் கட்டணம் வாங்குபவருடையது. ஆனால் 46ஏ-வில் பில் ஆஃப் லேடிங் ‘ஃப்ரைட் ப்ரீபெய்ட்’ என்று வேண்டும் என்கிறார்கள், அது விற்பவர் கட்டணம் கட்டிவிட்டதற்கான குறிப்பு. பழைய எல்சியிலிருந்து யாரோ நகலெடுத்ததன் விளைவாக இருக்கும், தீய நோக்கம் எதுவும் தெரியவில்லை. திருத்தாமல் விட்டால், வாங்குபவர் ஏற்பாடு செய்த கப்பலுக்கு நீங்கள் பணம் கட்டி அந்த முத்திரையை வாங்க வேண்டிவரும். ‘ஃப்ரைட் கலெக்ட்’ என்று மாற்றச் சொன்னால் போதும், மறுக்க மாட்டார்கள்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எடையிலோ நீளத்திலோ அளக்கும் சரக்குக்கு யுசிபி ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்க அனுமதிக்கிறது, மொத்தத் தொகை எல்சியைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். எண்ணிக்கையில் சொன்ன சரக்குக்கு அந்தச் சலுகை இல்லை. உங்களுடையது 12,000 உருப்படிகள், கடைசி நேரத்தில் நாற்பது துண்டு கறையாகி ஒதுக்கப்பட்டு 11,960 அனுப்பினால் அது குறை. தொகையிலும் எண்ணிக்கையிலும் ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்து வாங்குங்கள். பகுதி பகுதியாக அனுப்பக்கூடாது என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இரண்டு கன்டெய்னரும் ஒரே கப்பலில், ஒரே பயணத்தில், ஒரே இடத்துக்குப் போனால் தனித்தனி பில் ஆஃப் லேடிங் இருந்தாலும் அது பகுதி அனுப்புதல் ஆகாது.

இனி வாக்குக் கொடுத்திருக்கும் வங்கியைப் பற்றி. உங்கள் ஊர் வங்கி எல்சியைக் கொண்டுவந்து கொடுத்ததால் அதுவும் பொறுப்பேற்றிருக்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அந்த எல்சி மேலோட்டப் பார்வையில் உண்மையானதுதான் என்று சரிபார்த்து உங்களிடம் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. பணத்துக்கு உத்தரவாதம் எல்சி திறந்த வங்கி மட்டுமே. அந்த வங்கி தள்ளாடினால், அல்லது அந்த நாட்டில் டாலர் வெளியே போகத் தடை வந்தால், நல்ல காகிதம் கையில் இருந்தும் பணம் வராது. அதற்குத்தான் கன்ஃபர்மேஷன் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் நாட்டில் அல்லது வலுவான வேறொரு நாட்டில் உள்ள இன்னொரு வங்கி, திறந்த வங்கி கொடுக்காவிட்டால் நான் கொடுக்கிறேன் என்று தன் வாக்கையும் சேர்த்துக்கொள்வது. உங்கள் எல்சியில் 49-ஆம் கட்டத்தில் ‘வித்தவுட்’ என்று இருக்கிறது, கன்ஃபர்மேஷன் இல்லை என்று பொருள். அதை ‘மே ஆட்’ என்று மாற்றினால் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள் உங்கள் வங்கியோடு பேசி முடிவு செய்யலாம். இது உண்மையிலேயே தேவையா என்பதை உங்கள் வங்கியின் அயல்வணிக அதிகாரியிடம் நேராகக் கேளுங்கள், இந்த வங்கியின் எல்சிக்குக் கன்ஃபர்மேஷன் சேர்ப்பீர்களா, என்ன கட்டணம் என்று. அவர் தயங்காமல் சின்னக் கட்டணம் சொன்னால் திறந்த வங்கி நல்ல வங்கி, சேர்க்காமலேயே போகலாம். பெரிய கட்டணம் சொன்னால், அல்லது சேர்க்கவே மாட்டோம் என்றால், அந்தப் பதிலைவிடத் தெளிவான எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. அந்த 60 நாள் தவணையையும் இதோடு சேர்த்து யோசியுங்கள், நீங்கள் அந்த வங்கியை நம்பிக் காத்திருக்கும் காலம் அது. ஆவணங்களை ஏற்றுக்கொண்டு இன்ன தேதியில் பணம் தருவோம் என்று வங்கி செய்தி அனுப்பிவிட்டால், கொஞ்சம் வட்டி பிடித்துக்கொண்டு முன்கூட்டியே உங்கள் வங்கி பணம் தரக்கூடும், அதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

வாங்குபவருக்கு இன்றே மின்னஞ்சல் எழுதுங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். “எல்சி கிடைத்தது, நன்றி. கீழ்க்கண்டவற்றைத் திருத்தி உங்கள் வங்கி மூலம் அனுப்பிவைத்தால் உடனே உற்பத்தியைத் தொடங்குகிறோம்” என்று ஆரம்பித்து, நான் மேலே சொன்னவற்றை எல்சியின் கட்ட எண்ணோடு, இப்போது உள்ள வரி, வேண்டிய வரி என்று இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வங்கி கட்டணம் வாங்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேளுங்கள். அவர் சரி என்று பதில் எழுதுவது போதாது. திருத்தம் அவருடைய வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக, எம்டி707 என்ற செய்தியாக உங்கள் வங்கிக்கு வர வேண்டும், அதுவரை பழைய எல்சிதான் எல்சி. வந்த திருத்தத்தில் நான்கு பிடித்து ஒன்று பிடிக்கவில்லை என்றால் நான்கை மட்டும் ஏற்க முடியாது, முழுதாக ஏற்க வேண்டும் அல்லது முழுதாக மறுக்க வேண்டும். இதில் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது: உங்கள் சம்மதம் இல்லாமல் எல்சியை யாரும் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது, நீங்கள் பேசாமல் இருந்ததால் ஒப்புக்கொண்டீர்கள் என்று சொல்லவும் முடியாது.

திருத்தம் வந்து, நூல் வாங்கி, சரக்கு தயாராகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸில் சரக்கு விவரத்தை உங்கள் சொந்த நடையில் எழுதாதீர்கள், 45ஏ-வில் உள்ளதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துப் போடுங்கள். அதில் ஒரு ஆங்கிலச் சொல் எழுத்துப்பிழையோடு இருக்கிறது, அதையும் அப்படியே போடுங்கள், வேண்டுமானால் அடைப்புக்குறிக்குள் சரியான எழுத்தைச் சேருங்கள். பொருளை மாற்றாத சாதாரண எழுத்துப்பிழையைக் குறையாகக் கொள்ளக்கூடாது என்பது வங்கிகளின் ஏற்கப்பட்ட நடைமுறை, மெஷின் என்ற சொல்லில் ஒரு எழுத்து தவறினால் பரவாயில்லை, மாடல் 321 என்பது மாடல் 123 ஆகிவிட்டால் குறை. எண்களில்தான் கவனம் வேண்டும்: பேக்கிங் லிஸ்டில் ஒரு மொத்த எடை, பில் ஆஃப் லேடிங்கில் வேறு மொத்த எடை என்று வருவது நான் அன்றாடம் பார்க்கிற குறை. பில் ஆஃப் லேடிங்கை அச்சடிப்பதற்கு முன், சரக்கைக் கப்பலேற்ற ஏற்பாடு செய்யும் முகவரான ஃபார்வர்டர் ஒரு டிராஃப்ட் அனுப்புவார், அதை ஆலையில் யாரிடமாவது தள்ளிவிடாமல் நீங்களே எல்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். சரக்கு கப்பலில் ஏற்றப்பட்டதற்கான தேதியிட்ட குறிப்பு இருக்கிறதா, பெட்டி நசுங்கியது கிழிந்தது என்ற குறிப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறதா, துறைமுகப் பெயர்கள் எல்சியில் உள்ளவைதானா.

கப்பல் தவறி ஜூன் 1-ஆம் தேதிதான் சரக்கு ஏறியது என்றால், மே 31 என்று போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் ஆள் கிடைப்பார். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். 1976 டிசம்பரில் பெருவுக்குப் போன இயந்திரங்கள் விஷயத்தில் இதுதான் நடந்தது, கடைசி நாள் 15, உண்மையில் ஏறியது 16, பில் ஆஃப் லேடிங்கில் 15 என்று பொய்யாகப் போட்டுவிட்டார்கள். வழக்கு அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போய், 1982-இல் இந்தத் தேதி விஷயம் விற்பவருக்குச் சாதகமாக முடிந்தது, அதற்கு ஒரே காரணம் அந்தப் பொய் விற்பவருக்குத் தெரியாது என்பதுதான். தெரிந்தே செய்திருந்தால் அது மோசடி. வங்கி ஆவணத்தை மட்டுமே பார்க்கும் என்ற விதி நிற்காமல் போகும் முக்கியமான இடம் அது, 1941-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, தூரிகை முடிக்குப் பதிலாகக் குப்பையை நிரப்பி அனுப்பியதாக வந்த வழக்கில், குற்றச்சாட்டு உண்மையானால் பணம் தருவதைத் தடுக்கலாம் என்று வழிகாட்டியது. தேதி தவறினால் கப்பலேற்ற நாளை நீட்டித்துத் திருத்தம் கேளுங்கள், கிடைக்காவிட்டால் குறையோடு கொடுத்து வாங்குபவரின் சம்மதத்துக்குக் காத்திருங்கள்.

குறை இருந்தால் என்ன ஆகும் என்று பயப்படாமல் தெரிந்துகொள்ளுங்கள். ஆவணம் கொடுத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாட்கள் வங்கிக்கு அவகாசம். மறுப்பதானால் அதற்குள் எல்லாக் குறைகளையும் ஒரே அறிவிப்பில் சொல்ல வேண்டும், இன்று ஒன்று நாளை ஒன்று என்று தவணையில் சொல்ல முடியாது, நாள் கடந்துவிட்டால் மறுக்கும் உரிமையே போய்விடும். உங்கள் பக்கம் காலம் மிச்சமிருந்தால் தவறைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம், அதனால்தான் கடைசி நாள்வரை தள்ளாமல் சீக்கிரம் கொடுங்கள் என்கிறேன். திருத்த முடியாத குறை என்றால் வங்கி வாங்குபவரைக் கேட்கும், அவர் பரவாயில்லை என்றால் பெரும்பாலும் பணம் வந்துவிடும், குறைக்காக ஒரு கட்டணம் மட்டும் பிடித்துக்கொள்வார்கள். சந்தை விலை இறங்கியிருக்கும் நேரத்தில் அந்தச் சம்மதம் எளிதில் வராது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாங்குபவர் திருத்த மறுத்தால்? ஃப்ரைட், எண்ணிக்கை, கன்ஃபர்மேஷன் இவற்றில் விட்டுக்கொடுத்துப் பேசலாம், உங்கள் வங்கி திறந்த வங்கியை நம்பினால். காலாவதி இடத்தை மாற்றாவிட்டால் தேதியையாவது நீட்டிக்கச் சொல்லுங்கள். பில் ஆஃப் லேடிங் மூன்றாவது அசல், வாங்குபவர் கையெழுத்திடும் ஆய்வுச் சான்றிதழ், இந்த இரண்டில் ஏதாவது ஒன்றை நீக்க முடியாது என்று அவர் பிடிவாதம் பிடித்தால் ஆர்டரை விட்டுவிடுங்கள். முதல் வெளிநாட்டு ஆர்டரை விடுவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனால் இரண்டு கன்டெய்னர் நூலின் கடன் உங்கள் ஆலை தலையில் விழுவதைவிட அது மேல். திருத்தம் வந்ததும் எம்டி707 நகலை எனக்கு அனுப்புங்கள், அதில் 31டி, 41, 46ஏ இந்த மூன்றையும் உங்கள் மனைவியோடு உட்கார்ந்து முதலில் நீங்கள் படித்துவிட்டு, சந்தேகமான வரியைக் கோடிட்டு அனுப்பினால் எனக்கு உடனே பதில் எழுத வசதியாக இருக்கும்.